ஹால்செமா: முட்டைக்கோஸ் இறங்கி வரும் மலைச்சாலை

கேள்வி இது: பிலிப்பைன்ஸில் பெங்கெட் மாகாணம் வழியாகப் போகும் ஹால்செமா நெடுஞ்சாலையை உலகத்தின் ஆபத்தான சாலைகளில் ஒன்று என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். நிஜமாகவே அப்படியா? அவ்வளவு ஆபத்தான சாலையில் ஏன் ராத்திரி பகலாக லாரிகள் ஓடுகின்றன?

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். மண்ரோடாக இருந்த காலத்தில் அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தியது. இன்று கான்கிரீட் போட்ட இருவழிச் சாலை, ஓரங்களில் தடுப்புச் சுவர். வெயில் காலத்தில் ஒழுங்காக ஓட்டினால் சாதாரண மலைப்பாதைதான். ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டும் அந்தப் பெயரை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். இரண்டாவது பாதி, அதாவது லாரி விஷயம், அதுதான் நல்ல கேள்வி. இந்தச் சாலையின் மொத்தக் கதையும் அதற்குள் இருக்கிறது. வீடியோ எடுப்பவர்கள் பள்ளத்தைக் காட்டுவார்கள், எதிரே வரும் லாரியில் என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டார்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லூசோன் தீவின் வடக்கே கோர்டில்லேரா மலைத்தொடர். அதன் தெற்கு முனையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பாகியோ நகரம். அங்கிருந்து வடக்கே கிளம்பும் சாலை லா டிரினிடாட், டுப்ளாய், அட்டோக் என்று ஏறி, புகியாஸ் பக்கம் போய், மன்காயனைத் தொட்டுவிட்டு, பக்கத்து மாகாணமான மவுண்டன் பிராவின்ஸுக்குள் நுழைந்து பவுக்கோ, சபாங்கன் வழியாகப் பொன்டோக்கில் முடிகிறது. மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் பெங்கெட்டுக்குள். அரசாங்கக் கணக்கில் இது தேசிய நெடுஞ்சாலை 204. அந்த நாட்டில் ஓரிலக்க, ஈரிலக்க எண்கள் முதன்மைச் சாலைகளுக்கு, மூன்றிலக்க எண்கள் இரண்டாம் நிலைச் சாலைகளுக்கு. ஆக தாளில் இது இரண்டாம் நிலைதான். மணிலாவில் கேரட் வாங்குகிறவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா தெரியாது.

இந்தச் சாலையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் முக்கியம். மலைச்சாலை என்றால் பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். பாகியோவுக்குக் கீழிருந்து வரும் கென்னன் சாலை அப்படித்தான், பூவெட் ஆற்றோடு ஒட்டியே வரும். ஹால்செமா அப்படி இல்லை. ஏறிய பிறகு முகட்டை விட்டு அதிகம் இறங்குவதே இல்லை. கிழக்கே விழும் தண்ணீர் அக்னோ ஆற்றுக்கு, மேற்கே விழுவது தென்சீனக் கடலை நோக்கி ஓடும் சிற்றாறுகளுக்கு. நடுவில் முதுகெலும்பு மாதிரி போகிற மேட்டில் சாலை. இதனால் நெடுந்தூரத்துக்குப் பெரிய பாலம் எதுவும் தேவைப்படவில்லை. சபாங்கன் பக்கம் சிக்கோ ஆற்றுக்கு இறங்கும்போதுதான் ஆறும் பாலமும் கண்ணில் படும். ஆனால் முகட்டில் போகும் சாலைக்கு ஒரு விலை உண்டு. சரிவைச் செதுக்கித்தான் தடம் போட வேண்டும். மேலே செதுக்கிய சுவர், கீழே சரிந்து விழத் தயாராக மண். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா வண்டியும்.

போட்டவர் யார் என்பது பெயரிலேயே இருக்கிறது. யூசேபியஸ் ஹால்செமா, அமெரிக்கப் பொறியாளர். 1920 முதல் 1937 வரை பாகியோவின் மேயர். அமெரிக்கர்கள் வெயிலுக்கு ஒதுங்கப் பாகியோவைக் கட்டியதும், அதற்காகக் கென்னன் சாலையை 1905-இல் திறந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. பாகியோவுக்கு அப்பால் அப்போது இருந்தவை குதிரைத் தடங்கள். அவற்றை வெட்டியதும் பராமரித்ததும் மலைவாழ் மக்களே. சாலை வரியாகப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வருடத்தில் சில நாள் சாலை வேலைக்கு வர வேண்டும் என்பது விதி. காசு புழங்காத ஊரில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தடத்தை மோட்டார் வண்டி போகும் அளவுக்கு அகலப்படுத்தும் வேலை 1922-இல் தொடங்கி 1930-இல் பொன்டோக்கை எட்டியது. அகலப்படுத்தியது என்றாலும் ஒற்றை வண்டி போகும் அகலம்தான். அப்போது அதன் பெயர் மவுண்டன் டிரெயில். பொறியாளரின் பெயரைப் பிறகுதான் வைத்தார்கள். 1945-இல் ஜப்பானியர் வசமிருந்த பாகியோ மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது செத்தவர்களில் ஹால்செமாவும் ஒருவர். சொந்த நாட்டு விமானத்தின் குண்டில் போனார்.

சரி, லாரிக்கு வருவோம்.

சாலை வருவதற்கு முன் வடக்கு பெங்கெட்டில் இன்று பார்க்கிற தோட்டங்கள் கிடையாது. அங்கே வாழ்கிறவர்கள் கங்கனாய் மக்கள், தெற்கே இபாலோய் மக்கள். வெளியார் இவர்களையும் மற்ற மலை இனங்களையும் சேர்த்து இகோரோட் என்பார்கள். அவர்கள் பயிரிட்டது சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேம்பும், தண்ணீர் கிடைத்த இடத்தில் நெல்லும். வீட்டுக்கு வீடு பன்றி. முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. கென்னன் சாலை வேலைக்கு வந்த ஜப்பானியரில் சிலர் ஊர் திரும்பாமல் டிரினிடாட் பள்ளத்தாக்கிலேயே தங்கி, பாகியோவுக்கு வந்த அமெரிக்கர்களின் சாப்பாட்டு மேசைக்கு இங்கிலீஷ் காய்கறி பயிரிட்டார்கள். பின்னால் சீனத் தோட்டக்காரர்களும் சேர்ந்தார்கள். இவர்களிடம் கூலி வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் விதை, நாற்று, எரு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள்.

உலகப் போரில் இந்தச் சாலை படாத பாடு பட்டது. பின்வாங்கிய ஜப்பானியப் படை இந்த மலைகளில்தான் கடைசிவரை நின்றது. சாலையிலிருந்து மேற்கே செர்வாந்தெஸ் பக்கம் இருக்கிற பெஸ்ஸாங் கணவாய்ச் சண்டை 1945 ஜூனில் முடிந்தது. செப்டம்பரில் ஜப்பானியத் தளபதி யமஷிதா சரணடைந்தது கிழக்கே இஃபுகாவ் மலையில், கியாங்கனில். போர் முடிந்ததும் மணிலாவுக்குக் காய்கறி வேண்டியிருந்தது. சாலையைச் சரிசெய்ததும் தோட்டங்கள் டிரினிடாட்டிலிருந்து கிளம்பி, சாலையைப் பிடித்துக்கொண்டே வடக்கே ஏறின. அட்டோக், அப்புறம் புகியாஸ், அப்புறம் பவுக்கோ. சாலை இல்லாத சரிவில் முட்டைக்கோஸ் போட்டு லாபமில்லை. நேரத்துக்குச் சந்தைக்குப் போகாத முட்டைக்கோஸ் எருதான். அதனால் சாலை எங்கே போனதோ அங்கே தோட்டம் முளைத்தது. இன்று அந்த நாட்டின் குளிர்பிரதேசக் காய்கறியில் பெரும்பங்கு பெங்கெட்டிலிருந்து வருகிறது என்றால், அதற்கு மண்ணும் குளிரும் பாதிக் காரணம், இந்தச் சாலை மீதிக் காரணம். என்னைக் கேட்டால் சாலைக்கே கொஞ்சம் கூடக் கொடுப்பேன். இதே மண்ணும் குளிரும் உள்ள, சாலை போகாத மலைகள் அங்கே நிறைய உண்டு.

ஒரு மூட்டை காய் எப்படி மலையிறங்குகிறது என்று பார்த்தால் லாரிகளின் நடமாட்டம் விளங்கும். தோட்டம் சாலைக்குக் கீழேயோ, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலோ இருக்கும். முன்பெல்லாம் தோளில் சுமந்துதான் ஏற்றினார்கள், இன்றும் பல இடங்களில் அதே கதை. சில இடங்களில் பழைய லாரி எஞ்சினைப் பொருத்தி, இரும்புக் கம்பி கட்டி, பள்ளத்துக்கு மேலே கூடையை இழுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டிராம்லைன் என்பார்கள். பிறகு வேளாண் துறையே சில இடங்களில் முறையாக அமைத்துக் கொடுத்தது. சாலையோரம் சேர்ந்ததும் ஜீப்பிலோ, எல்ஃப் என்று எல்லோரும் கூப்பிடும் சின்ன லாரியிலோ ஏற்றி லா டிரினிடாட் சந்தைக்கு வரும். அங்கே டிஸ்போசர் என்று ஒரு ஆள். விவசாயியின் சரக்கை வாங்கி விற்றுக் கொடுப்பவர், பல நேரம் விதைக்கும் எருவுக்கும் கடன் கொடுத்தவரும் அவரே. கடன் கொடுத்தவரிடமே சரக்கைக் கொடுக்க வேண்டியிருக்கும்போது பேரம் எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அங்கிருந்து பெரிய லாரியில் இரவோடு இரவாக மணிலாவின் பாலின்டாவாக், டிவிசோரியா சந்தைகளுக்கு. காலையில் மணிலாக்காரர் வாங்கும் சௌசௌ, முந்தின நாள் இந்த முகட்டில் பறித்ததாக இருக்கும். சௌசௌவை அங்கே சயோட்டே என்பார்கள். லா டிரினிடாட்டைச் சுற்றி வீட்டுப் பந்தலாக இல்லை, மலைச்சரிவு முழுக்கப் பந்தல்.

லாரிகள் ஒருவழியில் மட்டும் சரக்கோடு போவதில்லை. மேலே போகும்போது சமவெளிக் கோழிப்பண்ணைகளின் எரு மூட்டை மூட்டையாக ஏறுகிறது. நடவுப் பருவத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனால் தோட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். பயணக் குறிப்புகளில் பைன் மர வாசனையைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர்கள் எந்த மாதம் போனார்கள் என்று யோசிப்பேன்.

இப்போது ஆபத்து விஷயத்துக்குத் திரும்பினால் ஒரு முடிச்சு தெரியும். சாலையை நம்பித் தோட்டம் வந்தது. தோட்டம் வரவர சாலைக்கு மேலும் கீழும் இருந்த மரங்கள் போயின. டாட்டா மலையைப் பாருங்கள். பவுக்கோ பக்கம் சாலையோரம் இருக்கிறது, உயரம் 2,300 மீட்டருக்கு மேல். போருக்கு முன்பே தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம். அக்னோ, ஆப்ரா, சிக்கோ என்று வடக்கு லூசோனின் மூன்று பெரிய ஆறுகளுக்கு அதுதான் தலைமேடு. பாசி படர்ந்த ஓக் காடு இருந்த அந்த மேட்டில் இன்று பெரும்பகுதி முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். வேரோடு மண்ணைப் பிடித்து நின்ற மரம் போனால் மழைத்தண்ணீர் நேராகச் சாலைக்கு வரும். சரிவு சரிந்து சாலை அடைபட்டால் முதலில் அடி வாங்குவது அதே தோட்டக்காரர்.

அவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1975-இல் வந்த வனச் சட்டப்படி 18 சதவீதத்துக்கு மேல் சாய்ந்த நிலம் பொதுவாக அரசின் வனநிலம், தனியாருக்குப் பட்டா கிடைக்காது. பெங்கெட்டில் அதைவிடத் தட்டையான இடம் தேடினால் கால்பந்து மைதானத்துக்கே கஷ்டம். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு வரிச்சீட்டு மட்டுமே கையில். 1997-இல் பழங்குடியினர் உரிமைச் சட்டம் வந்து பூர்வீக நிலத்தைக் கோர வழி பிறந்தது என்றாலும் காகிதம் மெதுவாகத்தான் நகர்கிறது. பட்டா இல்லாத நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாது. அப்போதுதான் டிஸ்போசர் உள்ளே வருகிறார். கடனை அடைக்க அடுத்த போகம், அதற்கு இன்னும் கொஞ்சம் சரிவு. மரம் வைக்கச் சொல்லி அறிவுரை சொல்லும் பலகைகள் சாலையில் இல்லாமல் இல்லை. மரம் வைத்தவருக்கு அந்த வருடம் யார் சோறு போடுவார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

மழையைப் பற்றி ஒரு கணக்கு. 1911 ஜூலையில் பாகியோவில் 24 மணி நேரத்தில் 1,168 மில்லிமீட்டர் பெய்தது. வெகுகாலம் அது உலக அளவில் பேசப்பட்ட எண். அவ்வளவு தண்ணீரை வாங்கக்கூடிய மலையில், செதுக்கிய சரிவின் மேல், 150 கிலோமீட்டருக்குச் சாலை. அதோடு நிலநடுக்கமும் உண்டு. 1990 ஜூலை 16-இல் லூசோனை உலுக்கிய நடுக்கத்தில் பாகியோவுக்கு வரும் சாலைகள் எல்லாம் அடைபட்டு நகரமே துண்டாகி நின்றது. 2009 அக்டோபரில் பெபெங் புயல் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்று கொட்டியபோது லா டிரினிடாட்டில் லிட்டில் கிபுங்கன் என்ற குடியிருப்பு மண்ணுக்குள் போனது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இப்படி ஒவ்வொரு முறை சாலை அடைபடும்போதும் நடப்பது ஒன்றுதான். மணிலாவில் காய் விலை ஏறும், மலையில் அதே காய் மூட்டையோடு அழுகும். இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில் அறுவடை செய்யும் வருடத்தில் விலை தரைக்குப் போய், லாரிக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று முட்டைக்கோஸைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். சீனாவிலிருந்து கடத்தி வரும் மலிவுக் கேரட் வேறு சந்தையில் நுழைகிறது என்று விவசாயிகள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள்.

லாரிக்கு முன்னால் இந்தச் சாலையை ஆண்டது பேருந்து. பாடோ டாங்வா என்ற கபாங்கன் ஊர்க்காரர், உள்ளூர் இகோரோட், போருக்கு முன்பே தொடங்கிய டாங்வா டிரான்கோ நிறுவனம்தான் மலை ஊர்களைப் பாகியோவோடும் பிறகு மணிலாவோடும் இணைத்தது. வண்டிகளை எல்லாம் போர் விழுங்கியது. அவர் கொரில்லாப் படையில் சேர்ந்தார், பின்னால் மாகாண ஆளுநரானார். லா டிரினிடாட்டில் இருக்கும் போலீஸ் தலைமையகத்துக்கு அவர் பெயர்தான். மணிலாவின் சம்பலோக் பகுதியில் டாங்வா என்று ஒரு பெரிய பூச்சந்தை உண்டு. மலையிலிருந்து பூ ஏற்றி வந்த இந்தப் பேருந்துகள் அங்கே நின்றதால் வந்த பெயர் அது. காதலர் தினத்தன்று அங்கே முண்டியடிக்கிற மணிலாக்காரர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மலைப் பேருந்து முதலாளியின் பெயர் என்று தெரியும் என்பது சந்தேகம்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாகியோவிலிருந்து தூரத்தை எண்ணி இடங்களுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். லா டிரினிடாட்டில் கிலோமீட்டர் 3, 4, 5, 6 என்றுதான் ஜீப்புக்காரரிடம் சொல்ல வேண்டும். ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் இந்தப் பக்கம்தான், விடுமுறை நாளில் நெரிசல், அதிக நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. உண்மையான மலை டுப்ளாய் தாண்டி ஆரம்பிக்கிறது. அட்டோக்கில் கட்டூபோ என்ற இடத்தில் 7,400 அடி, அதாவது 2,255 மீட்டர் என்று எழுதிய பலகை உண்டு. பிலிப்பைன்ஸ் நெடுஞ்சாலைகளிலேயே உயரமான இடம் என்று வெகுகாலம் பெயர் வாங்கியிருந்தது. இப்போது அந்தப் பட்டம் இஃபுகாவில் டினோக் பக்கம் 2,400 மீட்டருக்கு மேல் ஏறும் வேறொரு சாலைக்குப் போய்விட்டது. பலகை முன் நின்று படம் எடுக்கிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் அட்டோக்கில் அதிகாலையில் உறைபனி விழுவதுண்டு. வெப்பமண்டல நாட்டில் பனி என்று சுற்றுலாக்காரர் ஓடி வருவார், இலை கருகுமே என்று தோட்டக்காரர் விடியுமுன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அதனால் காலையிலேயே கிளம்புவது நல்லது. பேருந்தில் பொன்டோக்குக்கு ஐந்தாறு மணி நேரம். நடுவில் சாப்பாட்டுக்குப் புகியாஸின் அபாத்தான் வசதியான நிறுத்தம். அங்கிருந்து மேற்கே மன்காயன் சுரங்க ஊருக்குச் சாலை பிரிகிறது. சகாடா போகிறவர்கள் பொன்டோக்குக்குக் கொஞ்சம் முன்னால் டான்டாய் என்ற இடத்தில் பிரிய வேண்டும். மழைக்காலம் என்றால் கிளம்புமுன் பொதுப்பணித் துறை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சாலை அடைபட்டால் அரை நாளில் திறக்கலாம், மூன்று நாளும் ஆகலாம்.

கடைசியாக ஒரு திருத்தம், ஏனென்றால் பல வீடியோக்களில் தப்பாக வருகிறது. 2014 பிப்ரவரி 7-இல் பேருந்து பள்ளத்தில் விழுந்து பலர் இறந்த விபத்தை ஹால்செமா கணக்கில் எழுதுகிறார்கள். அது நடந்தது பொன்டோக்கின் தாலுபினில், பனாவே பக்கம் போகும் சாலையில். பொன்டோக்கோடு ஹால்செமா முடிந்துவிடுகிறது. பனாவே நெல் வயல்களைப் பார்த்துவிட்டு மணிலா திரும்ப நினைப்பவர்கள் அந்தச் சாலையில்தான் போக வேண்டும், அங்கிருந்து பகாபாக்கில் தேசிய நெடுஞ்சாலை 1-ஐப் பிடித்துவிடலாம். மழைக்கால எச்சரிக்கை அதற்கும் அப்படியே பொருந்தும்.